அம்மா ரேசர் பிடித்த வாரம்

என் மகனுக்கு நகம் வெட்ட, அவன் தூங்கும்வரை காத்திருப்பவள் நான். தூங்கிய பிறகும், விழித்துக் கையை இழுத்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, பாதி நாட்கள் நகவெட்டியைத் திரும்ப வைத்துவிடுவேன். அம்மாவின் மகள் என்று சொல்லிக்கொள்ள அப்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நாங்கள் தென்னூரில் இருந்தோம். நான் மூன்றாவது படித்தபோது என்று நினைக்கிறேன், நான்காவதாகவும் இருக்கலாம், அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு வலது பக்கம் செயலிழந்தது. பேச்சும் குழறியது. அதுவரை தினமும் காலையில் சேஃப்டி ரேசரால் தானே சவரம் செய்துகொண்டவர் அவர். எந்தச் சலூன்காரரையும் முகத்தில் கைவைக்க விட்டதில்லை. இப்போது வீட்டுக்கே ஒருவரை வரவழைத்தபோதும் வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

தாடி வளர்ந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பார்க்க வந்த பழைய நண்பரை, அறைக்குள் வரவிடாமல் கையசைத்தே திருப்பி அனுப்பினார். அந்த முகத்தை யாரும் பார்க்கக்கூடாது. அதன்பின் சாப்பாடும் குறைந்தது. அப்பா ஒருமுறை ரேசரோடு போனார். தன் அப்பாவுக்குப் பயந்தே வளர்ந்த மகன். நுரையைப் பூசியதோடு சரி, அப்படியே துடைத்துவிட்டு வெளியே வந்தார்.

“நான் பண்ணிவிடறேங்க,” என்றாள் அம்மா.

மாமனார் எதிரில் அம்மா உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. காபியை ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அப்பா சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“மொதல்ல உங்க மொகத்துல பழகிக்கறேன்.”

அந்த வாரம் முழுக்க அப்பா, செய்தித்தாள் துணுக்குகளைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் கிளம்பினார்.

“அழுத்தாதன்னு சொன்னேன்ல. ரேசரோட கனமே போதும்.”

“அழுத்தலையே.”

“அப்ப இது யாரு ரத்தம்?”

அம்மா படிகாரத்தைத் தேய்ப்பாள். மறுநாள் மறுபடி. முடி வளர்ந்திருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், தோலை இன்னொரு கையால் நீவிப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அவளுக்குப் பிடிபட்டது. வார முடிவில் அப்பா துணுக்கு இல்லாமல் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நண்பர் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை அம்மா குளித்துவிட்டு, வெந்நீரும் துண்டும் பிரஷும் ரேசருமாகத் தாத்தாவின் அறைக்குப் போனாள். நான் வாசல்படியில் நின்றேன். தாத்தா திரும்பிக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“மாமா, கன்னத்தத் தொடறேங்க.” “மாமா, தாடையத் தூக்கறேங்க.” மூக்கின் கீழே வந்தபோது, “மாமா, மூக்கப் பிடிக்கணுங்க.” வரிசை மறந்துவிடாமல் இருக்கச் சொல்லிப் பார்க்கிறாள் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அப்பாவின் இறுக்கமான கன்னத்தில் பழகிய கைக்கு, தாத்தாவின் தொங்கிப்போன வலது கன்னம் பிடி கொடுக்கவில்லை. பிளேடு ஓரிடத்தில் கடித்தது. வெள்ளை நுரையில் ஒரு சிவப்புப் புள்ளி. அம்மா படிகாரத்தை வைத்து அழுத்தினாள், ரத்தம் நிற்கும்வரை காத்திருந்தாள், பிறகு ரேசரை அலசிக்கொண்டு மிச்சத்தையும் முடித்தாள். அந்தக் கையை இன்றும் வியக்கிறேன்.

சாயங்காலம் நண்பர் வந்தார். இந்த முறை தாத்தா கையசைக்கவில்லை.

“என்னடா, மாப்பிள்ளையாட்டம் உக்காந்திருக்க. யாரு பண்ணிவிட்டது?”

தாத்தா வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

காபியோடு வந்த அம்மா, “மாமாவேதான் பண்ணிக்கிட்டாங்க. இடது கையால,” என்றாள்.

நண்பர் குனிந்து பார்த்தார். “அதான் இங்க கீறி வச்சிருக்கானா. பரவால்லடா, போகப்போகப் பழகிடும்.”

தாத்தா அம்மாவைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, கீறலைத் தடவிக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தார். நண்பர் விளக்கு வைக்கும்வரை இருந்து பேசிவிட்டுப் போனார்.

எனக்கோ ஆத்திரமாக வந்தது. பொய் சொன்னதற்காக என்னை முட்டி போட வைத்தவள் அம்மா. தான் போட்ட கீறலை, வாய் பேச முடியாத மனிதர் தலையில் கட்டிவிட்டாளே என்று, அன்று அவள் பிசைந்து கொடுத்த சோற்றை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.