வரிசையின் கடைசிக் குரல்

இது நான் கட்டிய கதையாக இருந்தால், அதில் என்னை நல்லவளாக வைத்திருப்பேன். நடந்தது என்பதால் அந்த வசதி எனக்கு இல்லை.

எங்களுடையது பெண்கள் மட்டுமே பாடும் குழு. வாத்தியம் கிடையாது, வசனம் கிடையாது. பாடிக்கொண்டே நடிப்போம். மழை, கதவு, சண்டை எல்லாமே எங்கள் குரல்தான். அந்த வருடம் எடுத்தது, ஏதோ ஒரு வரிசையில் காலமெல்லாம் நிற்கும் பன்னிரண்டு பெண்களின் நாடகம். வரிசையில் கடைசி ஆள் என் தோழி. பட்டப்பெயர் இடி. ஆள் ஒல்லிக்குச்சி, குரலோ அடிவயிற்றிலிருந்து உருண்டு வரும். முடிவில் எல்லோரும் அடங்கிப்போக, அவள் மட்டும் தனியாகப் பாட வேண்டும்.

அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு கண்.

இடிக்குத் தொண்டை கட்டியது. ஒரு வாரமல்ல, நாலு மாதம். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். "சும்மா சளிதான்டி, இதைக் குடி" என்று இருமல் மருந்தை நீட்டினேன். நாலு மாதம் என்பது சளியில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு விட்டேனா? இயக்குநரிடம் போய், "அவ நடிக்கிறாக்கா. ஒத்திகைக்கு வரச் சோம்பல்" என்றேன்.

அவளை நீக்கினார்கள். அவள் இடம் எனக்கு வந்தது. போகும்போது கரகரத்த குரலில் என்னிடம் சொன்னாள்: "நீன்னா பரவால்ல. நல்லா பாடு."

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மாலை. வாடகைக் கூடத்தில் ஒத்திகை. கண்களைக் கறுப்புத் துணியால் கட்டி, முன்னால் நிற்பவள் தோளில் கை வைத்து, பாடிக்கொண்டே நடக்க வேண்டும். இடி போனபின் பதினொரு பேர். கடைசியில் நான். இயக்குநர் மூடிய கதவில் சாய்ந்தபடி செல்போனில் பதிவு செய்தார்.

6:41க்குத் தொடங்கினோம்.

சரக்... சரக்... வெறுங்கால்களின் சத்தம். எனக்குப் பின்னாலும் கேட்டது. இயக்குநர் என்று நினைத்தேன்.

"இடது பக்கம் திரும்புங்க." அவர் குரல் முன்னால், கதவருகே இருந்து வந்தது.

சரக்... சரக்... பின்னால், இன்னும் நெருக்கமாக.

என் தோளில் ஒரு கை விழுந்தது.

எல்லோரும் அடங்கினார்கள். நான் தனியாகப் பாட வேண்டிய இடம். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

வந்தது... என் பின்னாலிருந்து.

அடிவயிற்றுக் குரல். துளி கரகரப்பு இல்லை.

நான் உதட்டை இறுக மூடினேன்.

குரல் நிற்கவில்லை.

ஏறியது... ஏறியது...

சட்டென்று அறுந்தது.

கை இல்லை.

துணியைப் பிடுங்கினேன். பின்னால் வெறும் சுவர். மணி 6:52.

"இடி எப்ப வந்தா?" என்றாள் எனக்கு முன்னால் நின்றவள். இயக்குநர் பதிவை ஓடவிட்டார். அதிலும் அந்தக் குரல் இருந்தது.

உடனே இடிக்குப் போன் செய்தேன். எடுத்தவள் அவளுடைய அக்கா. "ஆஸ்பத்திரில இருக்கோம்மா. ஆபரேஷன். தொண்டையில கட்டி, முத்திப்போச்சாம்."

மூன்றாம் நாள்தான் பார்க்க விட்டார்கள். கட்டிலில் கிடந்த ஆபரேஷன் ஃபைலைப் புரட்டினேன். குரல்வளை முழுவதும் அகற்றப்பட்டது. நேரம், வியாழன் மாலை 6:52.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முன்னாடியே வந்திருந்தா குரலைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். மருந்துக்கடையில யாரோ, சும்மா சளிதான்னு சொன்னாங்களாம். இவளும் நம்பிட்டா. யாரும்மா அது, உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

இடி விழித்திருந்தாள். என்னையே பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

கழுத்துத் துளை வழியாகக் காற்று மட்டும் வந்தது.