மயிலம்மாளின் குரலுக்கு ஒரு சப்வூஃபர்

மலேசியாவில் எங்கள் பகா ஊரில் சுகுமாறன் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் "பேஸ் பைத்தியம்", ஸ்பீக்கரில் அதிரும் அடிச்சத்தத்தின் மேல் பைத்தியம், என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், மனைவி போய் ஓராண்டுகூட ஆகவில்லை, அதற்குள் வீட்டில் சினிமாக் கொட்டகை கட்டுகிறார் என்று கடைத்தெருவில் பேச்சு. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். தோட்டத்து நிர்வாகம் கட்டிய வரிசை வீடுகளில் சுவரின் தடிமனைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் நாகரிகம். அவர் அந்தப் பக்கம் ஒரு சண்டைப் படத்தைப் போட்டால் இந்தப் பக்கம் என் அடுக்களையில் தட்டுகள் எல்லாம் ஆடும்.

ஒரு நாள் அலமாரி மேல் இருந்த முருகன் படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. அன்றைக்குப் பொறுமை போய் நேரே அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். சுகுமாறன் அண்ணனைத் திட்டுவதில் ஒரு சங்கடம் உண்டு. அவருக்குக் காது கேட்காது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டீ குடிக்கிறாயா என்று கேட்டார். காது கேட்காத மனிதருக்கு எதற்கு இவ்வளவு சத்தம்? அதையே நிறுத்தி நிதானமாக, உதடு தெரியும்படி கேட்டேன். அவர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். அதில் அவர் மனைவி மயிலம்மாள் அக்கா எப்போதோ அனுப்பிய குரல் செய்தி ஒன்று இருந்தது.

"இத ஒரு தடவ கேக்கணும் மாதவி. அதுக்குத்தான் எல்லாம்," என்றார்.

சுகுமாறன் அண்ணன் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். மீசை முளைக்கும் வயதில் செம்பனை எண்ணெய் ஆலையில் சேர்ந்து, தலை நரைத்து வெளியே வந்தார். பழக்குலைகளை ஆவியில் வேகவைத்துப் பிழியும் இடத்தில் வேலை. ஆவியைத் திறந்துவிட்டால் தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் வரைக்கும் கேட்கும். காதை மூடிக்கொள்ள நிர்வாகம் கொடுத்த சாதனத்தை அவர் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு திரிந்தாரே தவிர, காதுக்கு ஏற்றியதில்லை. காதை அடைத்துக்கொண்டால் மெஷினுக்கு என்ன நோய் என்று எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. சந்தேகம் வந்தால் மெஷின் மேல் உள்ளங்கையை வைப்பார். அதிர்வைப் பார்த்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். அந்தக் கையின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

காது ஒரேயடியாகப் போய்விடவில்லை. முதலில் கொசுவின் சத்தம் போனது, அதை யாரும் வருத்தப்பட்டுத் தேட மாட்டார்கள். பிறகு பிரஷர் குக்கர் விசில், தொலைபேசி மணி. அப்புறம் குழந்தைகள் பேசுவதும் பெண்கள் பேசுவதும் போயின. லாரி, இடி, மேளம் எல்லாம் இன்றைக்கும் அவருக்குக் கொஞ்சம் எட்டும். மயிலம்மாள் அக்காவுக்கு மெல்லிய, உச்சத்தில் நிற்கும் குரல். நாற்றுப் பண்ணையில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அவர் யாரையாவது கூப்பிட்டால் சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மனிதக் குரல்களில் அதுதான் கட்டினவருக்கு முதலில் தொலைந்தது. எந்த நாளில் தொலைந்தது என்று இருவருக்குமே தெரியாது. ஒரு நாள் கடைசியாகக் கேட்டிருக்கிறார், மறுநாள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா இருந்தவரைக்கும் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அவர் எதிரில் வந்து நின்று பேசுவார். அண்ணன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, குரலை ஞாபகத்திலிருந்து போட்டுக்கொள்வார். அக்காவுக்குக் கைப்பேசியில் எழுத வராது. அதனால் அண்ணன் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருக்கும்போது அக்கா பொத்தானை அமுக்கிப் பேசி அனுப்பிவிடுவார். அண்ணன் அதைப் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் நீட்டி, "என்னா சொல்றா பாரு," என்பார். மீன்காரர், பேருந்து ஓட்டுநர், மருந்துக்கடையில் மருந்து எடுத்துக்கொடுக்கும் நான், இப்படி எல்லாரும் அக்காவின் குரலைக் காதில் வைத்துக் கேட்டு, அவரிடம் கத்திச் சொல்லியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு என்ன காய் வேண்டும் என்பது மறந்தாலும், அவர் வீட்டுக்கு என்ன காய் என்று கடைத்தெருவுக்கே தெரியும்.

அக்கா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. கருமாதி ஆன கொஞ்ச நாளில் அண்ணனின் கைப்பேசி கால்வாயில் விழுந்து, இருந்த செய்திகளெல்லாம் போயின. ஜோகூரில் இருக்கும் மகள் ரோகினிக்கு எப்போதோ கைதவறி அனுப்பப்பட்ட ஒன்று மட்டும் மிஞ்சியது. அவள் அதை அப்பாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்பதையும் நேரில் வந்தபோது சொல்லிவிட்டுப் போனாள். தேங்காய் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், வேறொன்றும் இல்லை என்றாளாம்.

மருத்துவமனையில் கொடுத்த காதுக்கருவியை மாட்டிக் கேட்டுப் பார்த்தார். தகர டப்பாவுக்குள் யாரோ பேசுவது போல இருக்கிறது, ரோகினி குரலும் செய்தி வாசிக்கிறவன் குரலும் ஒன்றாகவே கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அப்போதுதான் அவர் மண்டையில் இந்த யோசனை ஏறியது. தனக்குக் கேட்பது பேஸ் ஒன்றுதான். அதனால் பேஸ் நன்றாகக் குத்துகிற மாதிரி ஒரு செட் அமைந்துவிட்டால் அக்காவின் குரலும் எழுந்து வந்துவிடும். ஆலையில் கையால் மெஷினைக் கேட்டுப் பழகிய மனிதருக்கு இது நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

முதலில் பேரங்காடியில் கலர் விளக்கு எரியும் ஒரு ஹோம் தியேட்டர் செட்டை வாங்கினார். கையை வைத்துப் பார்த்துவிட்டு, இது அடிக்கவில்லை, முனகுகிறது என்று ஒதுக்கினார். அடுத்தது, மோட்டார் காடிக்குள் பாட்டுச் சாமான் பொருத்துகிறவனிடம் வாங்கிய பெரிய பெட்டி. என் முருகனைக் கீழே தள்ளியது அதுதான். அதிலும் அக்கா வரவில்லை. மூன்றாவதற்கு என் காடியில் அழைத்துப் போகச் சொன்னார். நானும் போனேன். இல்லாவிட்டால் அடுத்த முறை எங்கள் வீட்டில் என்ன விழும் என்று யார் கண்டது?

லியாக்கத் அலி பாய் பகாவில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் விற்பதோடு பழுதும் பார்ப்பவர். அவரும் அக்காவின் குரலைக் கேட்டுச் சொன்ன கூட்டத்தில் ஒருவர். அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள் என்று தொடங்கினார். துளை வைத்த பெட்டியில் சத்தம் இழுபடும், சுற்றிலும் மூடின பெட்டிதான் அடித்த கையோடு நிற்கும். ஆம்ப்ளிஃபையருக்குச் சக்தி மட்டும் போதாது, ஸ்பீக்கரைத் தள்ளிய வேகத்தில் பிடித்து நிறுத்தும் பிடியும் வேண்டும் என்று உதட்டை நன்றாக அசைத்து விளக்கினார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே ஒவ்வொரு பெட்டியாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நடுவில் வைக்கும் ஸ்பீக்கரின் சின்ன வட்டத்தின் மேல் விரலை வைத்தவர், இது செத்துப்போய்விட்டது, மாற்றிக் கொடு என்றார். அது கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. பாய் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

பாய் நல்ல மனிதர். விற்காவிட்டாலும் பரவாயில்லை என்று உள்ளதைச் சொன்னார்.

"அண்ணே, பொம்பள குரலு இந்தப் பெரிய பெட்டியில வராது. நடுவுல இருக்கிற ஸ்பீக்கர்லதான் வரும்."

"மில்லுல அடியில இருக்கிற மெஷின் ஓடுனாத்தான் மேல எண்ணெய் வரும் பாய். நீ பேஸ சரியா போடு. அவ தானா வருவா லா."

திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் காடி நின்றபோது அவர் பக்கம் திரும்பினேன். ரோகினிதான் எல்லாம் சொல்லிவிட்டாளே, இன்னும் எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"என்னா சொன்னான்னு தெரியும் மாதவி. எப்படிச் சொன்னான்னுதான் தெரியல. மூஞ்சி படத்துல இருக்கு. குரலு மறந்துக்கிட்டே போவுது," என்றார்.

விளக்கு பச்சையானதைப் பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கடை விடுமுறையன்று காலையில் பாய் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் உட்காரும் நாற்காலியில் பேஸ் அடிக்கும் சப்வூஃபர் பெட்டியைத் தூக்கி வைத்துப் பாட்டை ஓடவிட்டு, எந்த மூலையில் பேஸ் சரியாக விழுகிறது என்று சுவர் ஓரமாகத் தவழ்ந்து கேட்டார். அண்ணனும் தரையில் உள்ளங்கையை ஊன்றி அவர் பின்னாலேயே தவழ்ந்தார். இரண்டு கிழவர்கள் மண்டியிட்டு ஊர்வதைப் பார்க்க எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடைசியில் பெட்டிக்குச் சரியான இடம் என்று இருவரும் கண்டுபிடித்தது என் வீட்டுச் சுவர் ஓரம். வேறெங்கே அமையும்?

ஒரு படத்தில் பாலம் வெடிக்கும் காட்சியைப் போட்டார் பாய். முனகல் இல்லை, இழுவை இல்லை. நெஞ்சில் ஒரு அடி, உடனே அமைதி. அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். அக்கா போனபிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கைப்பேசியை எடுத்துப் பாயிடம் கொடுத்துவிட்டு, பெட்டியின் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்தார்.

அக்காவின் குரல் நடு ஸ்பீக்கரிலிருந்து வந்தது. கைப்பேசியில் கேட்டது போல இல்லை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துப் பேசுவது போல, மூச்சு வாங்குவதுகூடத் தெரிய, அறை முழுக்க நின்றது. "ஏங்க, தேங்கா ஒண்ணு வாங்கியாங்க, நல்லாத் தட்டிப் பாத்து வாங்கணும்..." அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்து, பேசுகிறாளா என்று கேட்டார். இருவரும் தலையாட்டினோம்.

அவர் கன்னத்தைப் பெட்டியோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அப்போதுதான் நானும் கவனித்தேன். குரலுக்கு அடியில், விட்டு விட்டு, தும் தும் என்று கனமாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் அது கேட்டதே இல்லை. அண்ணனின் கைகள் ஒவ்வொரு அடிக்கும் லேசாகத் துள்ளின. அவர் முகம் முதலில் மலர்ந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"இது அவ குரலு இல்ல," என்றார். "மொளகா இடிக்கிறா."

கல்லுரலுக்குப் பக்கத்தில் மேசைமேல் கைப்பேசியை வைத்துக்கொண்டு, மிளகாய் இடித்தபடியே அக்கா பேசியிருக்கிறார். அந்த இடி மட்டும் அண்ணனுக்கு வந்து சேர்ந்தது. அவர் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அடியையும் வாங்கிக்கொண்டார். சற்று நேரத்தில் இடிக்கும் சத்தம் நின்றது. அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"முடிச்சிட்டா," என்று சொல்லி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எங்களுக்கு டீ போடுவதற்காக அடுக்களைக்குப் போனார்.

பாய் செய்தியை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார், நிறுத்தவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது, நனைந்துகொண்டு ஓடிவர வேண்டாம், நின்றபிறகு மெதுவாக வந்தால் போதும், நீங்கள் வந்த பிறகுதான் நானும் சாப்பிடுவேன் என்று அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பாயும் அதைக் கடைசிவரை கேட்டோம்.