புதன்கிழமை ஈரத்தலை

என் தலைமுடியைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் ஏராளம். அத்தனை பேரையும் வாவிக்கரை வீதிக்கு வரச் சொல்லி, இந்த முடியை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, அரை மணித்தியாலம் வேகமாக நடக்கவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி. ஒரு கைப்பிடிக்குள் அடங்காது. இளவயதில் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் சீனி வருத்தம் வந்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சனியன் என்று தெரிந்தது.

"ஒவ்வொரு நாளும் வேர்க்க வேர்க்க நடக்கணும். மூணு மாசத்தில குறையாட்டி ஊசிதான்" என்றார் கிளினிக் டொக்டர்.

அவர் பயம் காட்டியிருக்கவே தேவையில்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார். அவருக்கும் இதே சீனிதான். பெருவிரலில் வந்த ஒரு சின்னப் புண்ணால், ஆறு வருடத்துக்கு முன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு என் இரண்டு காலும் வேண்டும். மறுநாளே சப்பாத்து வாங்கிவிட்டேன்.

கால்கள் சொன்னபடி நடந்தன. முடிதான் விடமாட்டேன் என்றது. பின்னல் போட்டால் ஒவ்வொரு எட்டுக்கும் முதுகில் அடிக்கும். கொண்டை போட்டால் நூறடி போவதற்குள் சரிந்து கழுத்தில் வந்து குந்தும். உச்சியில் இழுத்துக் கட்டினால் வீடு திரும்பும்போது தலையிடி. பெரிய கிளிப் ஒன்று வாங்கினேன். அது பாலத்தில் வைத்துத் தெறித்து நேரே வாவிக்குள் போனது. போனில் ஒரு பெண், உடற்பயிற்சிக்கு எப்படி முடி கட்டுவது என்று சிரித்துச் சிரித்துக் காட்டினாள். அவள் பின்னல் என் சுண்டுவிரல் அளவு. அவளுக்கென்ன, சிரிப்பாள்! கடைசியில் இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். சந்தியில் ஓட்டோக்காரர் தலையை நீட்டினார்.

"என்னக்கா, பள்ளிக்கூடம் தொடங்கிட்டா?"

அன்றோடு அதுவும் போனது.

வெட்டிவிட்டால் முடிந்தது என்று நான் வேலை செய்கிற கந்தோரில் எல்லோரும் சொன்னார்கள். சொல்வது லேசு. காலை இழந்த பிறகு அம்மாவின் கையில் மிஞ்சிய ஒரே வேலை என் தலையை இழுத்துப் பின்னிவிடுவதுதான். சமையலுக்கு அவரால் எழும்ப ஏலாது. முற்றம் கூட்ட ஏலாது. காலையில் சீப்பை மடியில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். அரை மணித்தியாலம் இழுப்பார். கந்தோருக்குப் பிந்துகிறதே என்று நான் அவரோடு எரிந்து விழாத நாளில்லை. ஆனாலும் வெட்டப்போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை வேர்வை. நடந்து வந்தால் தலை உள்ளுக்குள் ஊறிப் புளித்துப்போய்விடும். எங்கள் பக்கத்தில் பெண்கள் செவ்வாய், வெள்ளிதான் தலை முழுகுவது. நானும் அப்படியே இருந்து பார்த்தேன். கந்தோரில் பக்கத்து மேசைக்காரி மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். எனக்கு முகம் எரிந்தது. அன்று முதல் நாளும் கிழமையும் பார்ப்பதில்லை, இந்த முடி பின்னேரம் வரை காயாவிட்டாலும் நடந்துவிட்டு வந்தால் முழுகியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

அதில்தான் வந்தது வினை.

ஒரு புதன்கிழமை. விடிவதற்கு முன் கிளம்பி, பாலம் கடந்து அக்கரை வரை நடந்து திரும்பினேன். வேர்வையில் உடுப்பு உடம்போடு ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் போகப் பொறுமையில்லாமல் நேரே கிணற்றடிக்குப் போய் உடுத்த உடுப்போடு வாளி வாளியாகத் தலையில் ஊற்றினேன். ஷாம்பு கண்ணில் பட்டு இரண்டு கண்ணும் சிவந்தன. எதிர்வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நின்ற கோலம் எனக்கு உறைக்கவில்லை. செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள்தான் வீட்டுக்குள் கால் வைக்காமல் கிணற்றடியில் இப்படி முழுகுவார்கள்.

அக்கரையில் இருப்பவர் அம்மாவின் மூத்த அண்ணன், என் மாமா. நெஞ்சு வருத்தத்தோடு இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார். அது அக்காவுக்கும் தெரியும். அம்மாவின் நிலைமைக்காக நான் சாவுச் செய்தியை மறைக்கிறேன் என்று நினைத்து, அவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல மனசு! நேரே கல்குடாவில் இருக்கும் என் சின்னம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

என் போன் கந்தோர் மேசை லாச்சிக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. பத்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் சின்னம்மாவின் அழைப்புகள் வரிசையாக நின்றன. அதற்குள் அவர் பஸ் ஏறி வந்து, மாமா வீட்டு வாசலிலேயே "என்ட அண்ணா, என்னை விட்டிட்டுப் போயிட்டீங்களே!" என்று குழறியபடி விழுந்துவிட்டார். மாமா உள்ளே பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாராம்.

பின்னேரம் மாமாவே பேசினார்.

"என்ன மகள், என்னைக் கொண்டுபோய்ச் சுட்டுப்போட்டு முழுகினியாமே? சாம்பல் அள்ள எப்ப வாறாய்?"

அவர் சிரித்தார். மற்ற யாரும் சிரிக்கவில்லை. சின்னம்மா போனில் கிழித்தெடுத்தார். "இந்த வயசில உனக்கு என்ன ஓட்டமும் நடையும்? கிழமை பாராமத் தலையில தண்ணி ஊத்தினா இப்பிடித்தான்." செய்தியைப் பரப்பிய எதிர்வீட்டு அக்காவும் என்னில்தான் குற்றம் கண்டார். நான் என்ன செய்தேன்? வேர்த்தது, குளித்தேன். அதற்கு ஊரே கூடி என்னை ஏசியது. வெட்கத்திலும் ஆத்திரத்திலும் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். ஒரு மாதம் அது வெளியே வரவில்லை.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்தார்.

"கூடியிருக்கு. நடக்கல்லையா?"

"விட்டிட்டன்."

"ஏன்?"

"முடி காயுதில்ல டொக்டர்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கே என் பதில் விசர்க்கதையாகக் கேட்டது. இன்னும் ஒரு மாதம் தவணை தந்தார். அதற்குள்ளும் குறையாவிட்டால் ஊசி.

வீட்டுக்கு வந்து அம்மாவின் முன்னால் கொட்டித் தீர்த்தேன். பின்னலைப் பிடித்து இழுத்து, "எல்லாம் இந்த மயிராலதான்! கடைசியில நானும் உங்களைப் போலதான் இருக்கப் போறன்!" என்று கத்தினேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கியது. அம்மா சேலையை இழுத்து இல்லாத காலின் பக்கம் மூடினார்.

"கத்திரிக்கோல எடுத்திட்டு வா."

"அம்மா, நான் அப்பிடி..."

"எடுத்திட்டு வா எண்டா எடுத்திட்டு வா. முடி முளைக்கும் புள்ள. கால் முளைக்காது. இவ்வளவு நாளும் ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"உங்களுக்கு வேற வேலை இல்ல எண்டு..."

"விசரி. இந்த மயிர இழுக்கிறதுக்கா நான் உயிரோட இருக்கன்?"

பின்னலை மேலும் கீழும் நாடாவால் இறுக்கிக் கட்டி, கழுத்தடியில் கத்திரிக்கோலை வைத்தார். அது மொட்டை. நறநறவென்று அறுத்து அறுத்துத்தான் வெட்ட முடிந்தது.

மறுநாள் விடியற்காலை பாலம் வரை நடந்தேன். கழுத்தில் காற்றுப் பட்டது. திரும்பி வந்து முழுகினேன். பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா மதிலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, எந்தக் கோயிலுக்கு நேத்தி?"

"உங்கட வாய் ஓயணும் எண்டு நேத்தி வச்சன் அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அம்மா வழமைபோல் சீப்போடு இருந்தார். முன்னால் குந்தினேன். நாலு இழுவையில் முடிந்துவிட்டது. நான் எழும்பப் பார்த்தேன். அவர் கை என் தோளை விடவில்லை.

"இரு, இன்னொருக்கா இழுத்து விடுறன்."

கந்தோருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பேசாமல் குந்தியிருந்தேன்.