கூப்பிடாமல் விட்ட மூன்றாம் தரம்

“…மூணாந்தரமும் கூப்ட்டிருந்தீன்னா அவ திரும்பியிருப்பாடா” என்றார் அண்ணன்.

அந்தப் பேச்சின் முன்பாதி என் காதில் விழவில்லை. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலின் கரை அது. கிழக்கே கடல் பக்கம் வெளுத்துக்கொண்டிருந்தது. வாய்க்காலிலிருந்து தூக்கிக் கிடத்தியிருந்த அண்ணியின் மேல் யாரோ ஒரு பழைய சாக்கை விரித்திருந்தார்கள். அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திட்டினாரே என்று அழுதிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். ஐந்து நிமிஷம் முன்னால் கிளம்பியிருந்தால் வண்டியைப் பிடித்திருக்கலாமே என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. ஊரெல்லாம் பேசித் திரிகிறவன் நான். கேட்ட சொலவடை ஒன்றைக்கூட மறக்காதவன். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் விழுப்புரத்தில் காஸ் லைட் தூக்குகிறவர்கள். கல்யாணம், சாமி புறப்பாடு, எது நடந்தாலும் தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் சீறிக்கொண்டிருக்கும் விளக்கைச் சுமந்துகொண்டு ஊர்வலத்தின் இரண்டு பக்கமும் நடக்கவேண்டும். விளக்குக் கடைக்காரரிடம் அண்ணன்தான் எங்களுக்கெல்லாம் மேஸ்திரி. அண்ணியும் தூக்குவார். ஆண்பிள்ளைகளைவிட நேராக நடப்பார். அவர் தலைமேல் விளக்கு ஆடி நான் பார்த்ததில்லை. “தலைமேல சூரியன், காலடியில அமாவாசை, நம்ம பொழப்பு இதான் தம்பி” என்பார். உண்மைதான். தலையில் விளக்கு இருந்தால் அதன் அடித்தட்டின் நிழல் சுமக்கிறவர்மேலேயே விழும். மாப்பிள்ளையின் முகத்தில் ஒவ்வொரு மயிரும் தெரியும்; நமக்கு நம் கால் தெரியாது. என்னை அவர் சும்மா விடமாட்டார். “ஏம்ப்பா கொழுந்தனாரே, ஒனக்கு வாய் இருக்கிற நீளத்துக்குக் கால் இருந்திருந்தா இந்நேரம் காசிக்கே போய்ட்டு வந்திருப்ப” என்பார். வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று பேசிவிடுகிற என் குணத்துக்கு அந்தக் குத்தல். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

சுற்றுவட்டாரத்தில் எங்கே போனாலும் வேலை முடிந்து திரும்ப நடுச்சாமம் ஆகிவிடும். திருவாமாத்தூர்ப் பாதை, ஏரிக்கரை, புளியந்தோப்பு எல்லாவற்றையும் இருட்டிலேயே கடப்போம். அதற்கென்று அண்ணன் சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தார். ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் தரம் திரும்பக்கூடாது. இரண்டாம் தரம் கூப்பிட்டால் நடையை எட்டிப் போடவேண்டும். மூன்றாம் தரமும் கூப்பிட்டால்தான் மனுஷன் என்று நம்பி நிற்கவேண்டும். முனி தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடும், ஆனால் இரண்டு தரத்துக்கு மேல் அதற்கு வாய் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அண்ணன் அதைக் கொஞ்சம் நீட்டி, “முனிக்கும் குடிகாரனுக்கும் மூணாந்தரம் கூப்பிடப் பொறுமை கெடையாது” என்பார். எல்லாரும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே அப்படியே நடப்போம். எனக்குத் தெரிந்து அந்தக் கட்டுப்பாட்டால் யாரும் கெட்டதில்லை. ஒன்றைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை. எங்கள் பாதைகளில் முன்னால் பள்ளம் எது, கல் எது என்று கால்களுக்கே தெரியும். அதனால் எங்கள் பயமெல்லாம் பின்னாலிருந்து வருவதைப் பற்றியே இருந்தது.

புதுச்சேரிக்கு ரயிலில் போகக் கொஞ்ச நேரம்தான். ஆனாலும் அது வேறு சீமை. நடுவழியில் வண்டியை நிறுத்திச் சுங்கக்காரர்கள் ஏறி, விளக்கின் எண்ணெய்த் தொட்டியைக்கூட ஆட்டிப் பார்ப்பார்கள். பிரெஞ்சுக்காரன் ஊர், கடலைப் பார்த்து உட்காரப் பெஞ்சு போட்டிருக்கிறான், வெள்ளைக்காரத் துரைசாணிகள் நாயைப் பிடித்துக்கொண்டு உலாத்துவார்கள் என்றெல்லாம் எங்களுக்கு ஆச்சரியம். கூடவே பயமும். குடித்துவிட்டு வரும் கப்பல்காரர்கள், கேள்வி கேட்கும் சிவப்புத் தொப்பிச் சிப்பாய்கள், நமக்கு விளங்காத பாஷை. நான் சொல்லும் கல்யாணம் கடற்கரைக்கு அடுத்த தெருவில், வாடகைக்கு எடுத்த ஒரு பங்களாவில் நடந்தது. யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு. அண்ணிக்குக் கைக்குழந்தை, ஏழு மாதம். முகூர்த்த மாதம், ஆள் போதவில்லை என்று கடைக்காரர் கெஞ்சியதால் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஒரே ஒரு ராத்திரிக்கு வந்தார்.

மாப்பிள்ளை ஊர்வலம் முடிந்து விளக்கை இறக்கியபோது நேரம் வெகுவாகப் போயிருந்தது. விளக்குகள் விடியும்வரை பங்களாவின் பின்கட்டில் இருக்கும். மேஸ்திரி அதற்குக் காவல் படுக்கவேண்டும். அண்ணி ஒரு மூலையில் சுவரோடு சாய்ந்து நின்றார். முகம் வலியில் சுண்டியிருந்தது. “பால் கட்டிக்கினு கல்லாட்டம் கீதுங்க. நான் டேஷனுக்குப் போய்க் குந்திக்கினு மொத வண்டியில போய்டறேன். புள்ள அழுதுக்கினு கெடக்கும்” என்றார் அண்ணனிடம். அண்ணன் என்னைப் பார்த்தார். “நீ கூடப் போ. அவ முன்னால போகட்டும். பத்தடி பின்னால நட. பின்னாலதான் ஆபத்து வரும்.” கல்யாணமாகாத கொழுந்தன் அண்ணியோடு தோளுக்குத் தோள் நடப்பது எங்களில் வழக்கமில்லை, அந்தப் பத்தடி அதற்கும்தான். வாசலில் கல்யாண வீட்டுக் காரியஸ்தர் வழிமறித்தார். “இது வெள்ளைக்காரத் தெரு, தெரியுதா? விழுப்புரத்துச் சந்தைன்னு நெனச்சி கூவிக்கினு போனா சிப்பாய் புடிச்சி உள்ள போட்டுடுவான்.” “கூவறதுக்கு எங்ககிட்ட என்னாங்க கீது, சரக்கா வச்சிருக்கோம்?” என்றார் அண்ணி. அவர் சொல்லி நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

கொஞ்ச தூரம்வரை பத்தடி பிசகாமல்தான் நடந்தேன். ஒரு முனையில் புஷ்புஷ் வண்டிக்காரர் ஒருவர், தன் வண்டியின் மிதிபலகையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஆளை உட்காரவைத்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிற வண்டி அது. “எந்த ஊருப்பா?” என்றார். தமிழில் ஒரு குரல் கேட்டதும் எனக்குக் கால் நின்றுவிட்டது. விழுப்புரம் என்றேன். “அப்பிடியா? விழுப்புரத்தான் ஒருத்தனை நேத்துக்கூடத் தள்ளிக்கினு போனேன். ஏறினவன் ஊரைப் பாப்பான், தள்றவன் ஏறினவன் முதுகைப் பாப்பான். இந்த ஊர்ல நான் முப்பது வருசமாப் பாத்தது முதுகுதான்.” இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு எப்படிப் போவது? சிரித்தேன். இன்னொன்று சொல்லமாட்டாரா என்று நின்றேன். அவரும் சொன்னார். அதுவும் நினைவிருக்கிறது; இங்கே எழுதக் கை வரவில்லை. அப்புறம்தான் அவர், “எங்க, டேஷனுக்கா? அந்தச் சின்னப் பாலத்துப் பக்கம் போய்டாதீங்க. பாதிப் பாலத்தை இடிச்சிப் போட்டுக்கீறாங்க, கைப்பிடிகூட இல்ல. நானே நாலு நாளா சுத்திக்கினுதான் போறேன்” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணி நூறு அடிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தார். தெருமுனை விளக்கின் மங்கலில் அவர் முதுகும் சேலையின் வெளிர் நிறமும் தெரிந்தன. போன தடவை வந்தபோது வாய்க்காலின் மேலிருந்த அந்தச் சின்னப் பாலத்தின் வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போனோம். இப்போதும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். “அண்ணி!” என்றேன். அவர் முதுகு விறைத்தது, திரும்பவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “அண்ணி, நில்லுங்க!” என்றேன். நடையை எட்டிப் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் கட்டுப்பாடு தவறாமல் நடக்கிறார் என்று. நான் பத்தடி பின்னால் வந்துகொண்டிருப்பதாகத்தான் அவர் நினைப்பு. என் குரலோ நூறு அடிக்கு அந்தண்டையிலிருந்து வந்தது. அப்படியானால் அது என் குரலாக எப்படி இருக்கும்? தெரிந்தவன் குரலை எடுத்துக்கொண்டு வேறு ஏதோ கூப்பிடுகிறது என்றுதானே எண்ணுவார்?

மூன்றாம் தரம் கூப்பிட எனக்கு மூச்சு இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வாயைத் திறந்தேன். காரியஸ்தர் சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் உயரமான வெள்ளைச் சுவர்கள், அடைத்த ஜன்னல்கள். முதல் இரண்டு கூப்பாடே அந்தத் தெருவில் எப்படி மோதித் திரும்பியது என்பதைக் கேட்டிருந்தேன். எதற்குக் கூவி வம்பை வாங்குவது, நூறு அடிதானே, ஓடிப் பிடித்துவிடலாம் என்று தோன்றியது. இருபத்திரண்டு வயசுக் கால்கள். ஓடினேன். ராத்திரியில், அயல் சீமையில், பின்னாலிருந்து ஓர் ஆண்பிள்ளை தடதடவென்று ஓடிவருகிற சத்தம் ஒரு பெண்ணின் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அண்ணியும் ஓடினார். நான் வேகமாக ஓட, அவர் இன்னும் வேகமாக ஓடினார். சுமையை ஆடாமல் சுமந்து நடக்கிறவர் அப்படி ஓடுவார் என்று நான் கண்டதே இல்லை. அலறல் ஒன்றும் கேட்கவில்லை. சேலையின் வெளிர் நிறம் ஒரு கணம் இருந்தது, அடுத்த கணம் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் முழங்கால் அளவுகூடக் கிடையாது. இடித்துப் போட்ட கற்கள்தான்.

இறங்கித் தேடினேன். புஷ்புஷ்காரர் தம் வண்டி விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, “அய்யோ, அய்யோ, தாயே” என்று கரையில் நின்று கத்தினார். அத்தனை உரக்கக் கத்தியும் எந்தச் சிப்பாயும் வரவில்லை. எந்த ஜன்னலும் திறக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணன் பிறகு விழுப்புரத்தில் இருக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அண்ணியின் தாய்வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று திண்டிவனத்துக்குப் போய்விட்டார். அங்கே மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறார். என்னை வராதே என்று சொன்னதில்லை. போனால் பாயை விரிப்பார், கேப்பைக் களி போடச் சொல்வார். பேச்சு மட்டும் இல்லை. எனக்குப் பேச்சுதான் சோறு என்று தெரிந்தவர் அவர். நானும் விளக்குத் தொழிலை விட்டு ஜங்ஷன் பக்கம் ஒரு சோடாக் கடையில் நிற்கிறேன். கடைத்தெருவில் மின்சார விளக்கு வந்துவிட்டது. யாருக்கும் யாரும் தலையில் வெளிச்சம் சுமக்கவேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரன்கூட இன்றைக்கோ நாளைக்கோ போய்விடுவான் என்கிறார்கள். போகட்டும். யாரையும் பின்னாலிருந்து கூப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். வேண்டியவர் முன்னால் போனால், சுற்றிக்கொண்டு ஓடி எதிரே போய் நின்றுதான் பேசுவேன். “இன்னாப்பா, மாடு மடக்கற மாதிரி மடக்கற?” என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நானும் சிரிப்பேன்.

போன மாதம் திண்டிவனம் போயிருந்தேன். அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு நடக்கிறது. ஸ்டேஷன்வரை வழியனுப்ப வந்தாள். “சித்தப்பா, எங்கம்மா நெறைய பேசுவாங்களாமே, நீங்க கேட்டிருக்கீங்களா? ஒண்ணு சொல்லுங்களேன்” என்றாள். அவள் அம்மாவின் சொல் என் நெஞ்சில் நூறு இருக்கிறது. அவளுக்குச் சொந்தமானவை அவை; நான் திருடி வைத்திருக்கிறேன். ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடிப்பேன்? வண்டி வந்துவிட்டது என்று பொய் சொல்லி, வராத வண்டியை நோக்கி நடந்தேன். அவளுக்கு நான் ஒரு வாய்பேசாத சித்தப்பா. அவள் அப்பா என்ன சொல்லியிருக்கிறார், அவளுக்கு எவ்வளவு தெரியும், எதுவும் எனக்குத் தெரியாது. என்றைக்காவது கேட்பாள். அன்றைக்குச் சொல்லவேண்டியதை இங்கே எழுதிவிட்டேன். எழுதியதால் பாரம் குறையும் என்கிறார்கள். குறையவில்லை.

அன்று விடியற்காலையில் நான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் அண்ணனிடம் சொன்னேன். நின்று பேசியதை, இரண்டு தரம் கூப்பிட்டதை, ஓடியதை. கேட்டுவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். சொல்லிவிட்டு அவர் அண்ணி இருந்த பக்கம் திரும்பவில்லை. என் காலடியில் மண் கறுத்து ஈரமாக இருந்ததைப் பார்த்தார். எனக்கே அதுவரை வலி தெரிந்திருக்கவில்லை. அவர் அப்படியே குந்தி உட்கார்ந்தார். என் வலது காலைத் தூக்கித் தம் தொடைமேல் வைத்துக்கொண்டு, பாதத்தில் ஏறியிருந்த கல்சில்லைப் பல்லால் கடித்துப் பிடுங்கித் துப்பினார். தோளில் கிடந்த துண்டைக் கிழித்து, காலில் சுற்றி, இறுக்கி முடிந்தார்.