ஏழு துளை

பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை போன பிறகு ஒரு வசந்தகாலம் முழுக்க ஆற்றில் மீன் பிரித்தேன். ஸ்காபரோவுக்குக் கிழக்கே, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தாழ்ந்த அணை. அதன் அடியில் கம்பிக்கூடு. முட்டையிட ஏரியிலிருந்து மேலே ஏறுகிற மீன்கள் காலையில் அதற்குள் நிற்கும். நல்ல மீனைத் தூக்கி அணைக்கு அந்தப் பக்கம் விட வேண்டும். லாம்ப்ரே என்றால் வாளிக்குள் போட வேண்டும்.

லாம்ப்ரே பார்வைக்கு விலாங்கு மாதிரித்தான். ஆனால் தாடை கிடையாது. வட்ட வாய் நிறையப் பல். ஏரி மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும்.

எனக்குப் பொறுப்பாக இருந்தவள் இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை, என் மகளைவிட இளையவள். முதல் நாளே ஒன்றைத் தூக்கிக் கழுத்தோரத்துத் துளைகளைக் காட்டினாள்.

"அன்ரி, செவன் ஹோல்ஸ் இருக்கும். ஒவ்வொண்டா செக் பண்ணிட்டுத்தான் வாளியில போடோணும், ஓகே?"

மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்த எனக்கு இவள் மீன் காட்டுகிறாளே என்று எரிச்சல் வந்தது. "ஓம் மகள்" என்றேன். ஆனால் துளைகளை ஒருநாளும் எண்ணவில்லை. வழுவழுவென்று நீளமாகக் கையில் அகப்பட்டதை வாலில் பிடித்து, தலையைக் கல்லில் ஓர் அடி அடித்து வாளியில் எறிந்தேன். எங்கள் வீட்டில் விலாங்கை அப்படித்தான் அடக்குவோம்.

மத்தியானம் சாப்பிடும்போது அவள் நிறையச் சொல்வாள். லாம்ப்ரேக் குஞ்சு கண் தெரியாமல் வருடக்கணக்காகச் சேற்றுக்குள் கிடந்து அழுக்கைத் தின்னுமாம். கடலோர ஆறுகளில் பெரியவை முட்டையிட்டுச் செத்து, ஆற்றுக்கே சாப்பாடாகுமாம்.

"இந்த ஏரியிலதான் அன்ரி இதால பிரச்சினை."

புட்டைத் தின்றபடி தலையாட்டுவேன். பாதிதான் காதில் விழும்.

அவளுடைய படிவத்தில் விலாங்குக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஒரு காலத்தில் இந்த ஏரியில் விலாங்கு ஏராளமாம். இப்போது அதைப் பிடிக்கவே கூடாது. ஒன்றாவது வராதா என்று நாலு வருடமாகப் பார்த்திருந்தாள். தினமும் மாலையில் அந்தக் கட்டத்தில் பூச்சியம்தான் விழும்.

மே மாதம் ஒருநாள், வேலை முடிந்து எண்ணுவதற்காக வாளியைத் தட்டில் கொட்டினேன். நடுவில் ஒன்றுக்குத் தாடை இருந்தது. கழுத்தோரம் இரண்டு சின்னச் செட்டை. ஏழு துளை இல்லை. தலை நசுங்கியிருந்தது. அது என் அடிதான்.

அவள் காருக்குப் பக்கத்தில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தாள். மற்றவற்றோடு பையில் போட்டுக் கட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. பையைக் கையில் எடுத்தும் விட்டேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பிறகு இரண்டு கையாலும் விலாங்கைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"நான் எண்ணிப் பாக்கல்ல மகள். ஒருநாளும் பாக்கல்ல."

வேலையை விட்டு நிறுத்தப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் ஏசவில்லை. விலாங்கை வாங்கி நீளம் அளந்தாள். படிவத்தை மடியில் வைத்து அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள். பக்கத்துக் கட்டம் உயிரோடா, செத்ததா என்று கேட்டது. பேனையை என்னிடம் நீட்டினாள்.

"அதை நீங்க எழுதுங்கோ அன்ரி."

நான் எழுதினேன்.