ராமக்காள் எரிக்க மறுத்த படங்கள்

பென்னாகரத்தில் பஸ் வந்து நிற்கும் புளியமரத்தடியில் ராமக்காள் வெற்றிலைபாக்குக் கடை வைத்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. புருசன் காலராவில் போய் ஒரு வருசம் ஆகியிருந்தது. பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிடு என்று அண்ணன் வந்து கூப்பிட்டான். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் குடும்பம் அது. "அங்க வந்து உம் பொண்டாட்டிகிட்ட கஞ்சிக்கு நிக்கறதுக்கு இங்கயே நாலு வெத்தல வித்துக்கறேன், போ" என்று அனுப்பிவிட்டாள்.

ஊரில் முழுப் பாக்கெட்டாகச் சிகரெட் வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான் கேட்பார்கள். ஆகவே பாக்கெட்டை உடைப்பவள் ராமக்காள்தான். உள்ளே இருக்கும் படச்சீட்டும் அவளிடமே நின்றது. வழவழப்பான சின்ன அட்டை. ஒன்றில் ஓட்டக்காரன், ஒன்றில் குஸ்திக்காரன், ஒன்றில் குதிரைமேல் ஒரு துரை. பின்பக்கம் நாலு வரி இங்கிலீசும் ஓர் எண்ணும் இருக்கும். முதலில் பாக்குத் தட்டில் விரித்துப்போட்டாள். சேலம் பஸ்ஸின் கண்டக்டர் முனிராஜ்தான் ஒருநாள் திருப்பிப் படித்துவிட்டு, "இது மொத்தம் அம்பது படங்கக்கா. ஒண்ணுலருந்து அம்பது வரைக்கும் சேத்தா ஒரு செட்டு. சேலத்துல இதுக்குன்னே அலையறாங்க" என்றான்.

அன்று பிடித்தது அவளுக்கு அந்தப் பைத்தியம். எண்களை மட்டும் முனிராஜிடம் கற்றுக்கொண்டாள். இரண்டிரண்டாகச் சேர்ந்தவற்றை லாரிக்காரர்களிடம் கொடுத்து, அவர்களிடம் இருந்ததை மாற்றி வாங்கினாள். மூங்கில் பட்டைகளைக் கீறி, அதில் படங்களை வரிசையாகச் செருகி, கடையின் முகப்பில் தொங்கவிட்டாள். வெற்றிலை வாங்க வந்தவர்கள் படம் பார்த்து நின்றார்கள்.

பதினேழாம் எண் படம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருசம் பங்குனியில். நீச்சல் உடையில் ஒரு பெண், தண்ணீருக்குள் பாயக் கைகளை நீட்டி நின்றாள். ராமக்காள் அதை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன் அவளும் அப்படித்தான் பாறைமேலிருந்து காவிரியில் பாய்வாள். படத்தை நடுவில் செருகினாள்.

பத்து நாளில் ஊர்க்கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட ஆள் வந்தது. மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கவுண்டர் பச்சியப்பன் உட்கார்ந்திருந்தார்.

"தாலியறுத்தவ கடையில அம்மணப் படம் தொங்குது. ஊர்ப் பொம்பளைங்க அந்த வழியாத்தான் தண்ணிக்குப் போறாங்க. ஆத்தா பண்டிகைக்கு நாள் சாட்டறதுக்கு முன்னால அத்தனையும் கொண்டாந்து இங்க எரிச்சிரணும்."

"அம்மணம் இல்லீங்க. துணி கட்டியிருக்கா, நல்லாப் பாருங்க" என்றாள் ராமக்காள்.

"அது துணியா?"

"தண்ணியில எறங்கறவ பட்டுப்பொடவையா கட்டிக்குவா? ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போறீங்களே, அங்க நம்ம பொம்பளைங்க எப்படிக் குளிக்கறாங்கன்னு நீங்க பாத்ததே இல்லீங்களா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் பச்சியப்பனைச் சுட்டது. அவள் கடையில் ஊரார் ஒருவரும் ஒரு பாக்குக்கூட வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்.

"நீங்க வாங்காட்டிப் போங்க. படத்த நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாளே கடையைப் பெயர்த்தாள். ஊர் எல்லை தாண்டி, ஒகேனக்கல் சாலையில், வண்டிக்காரர்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிற்கும் இடத்தில் நான்கு கம்பு நட்டுக் கீற்று வேய்ந்தாள். முனிராஜ் பஸ்ஸை அங்கேயும் நிறுத்தச் செய்தான். யாவாரம் குறைந்துதான் போனது. சில நாள் களிக்கு உப்பைத் தொட்டுக்கொண்டாள். படங்கள் மட்டும் சாலையைப் பார்த்தபடி தொங்கின, பதினேழும் சேர்த்து.

எட்டு மாதம் கழித்து, நல்ல உச்சிவெயிலில், முக்காடு போடாமல் ஒரு பெண் சாலையில் வந்தாள். பச்சியப்பன் மனைவி செல்லம்மாள். மடியை அவிழ்த்து ஐந்து படங்களை எடுத்து வைத்தாள்.

"அவரு முழுப் பாக்கெட்டா வாங்கிக் குடிக்கறாருக்கா. படத்தக் குப்பையில போட்டுர்றாரு. உனக்குன்னு எடுத்து வெச்சேன்க்கா."

ராமக்காள் எண்களைப் பார்த்தாள். மூன்று அவளிடம் இல்லாதவை. "இதுக்குப் பதிலுக்கு என்ன வேணும், சொல்லு."

செல்லம்மாள் வெட்கப்படவே இல்லை. நேராகப் பதினேழைக் காட்டினாள். ராமக்காளிடம் அதில் இன்னொன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

அது ஊர்க்கவுண்டர் வீட்டு முகம்பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் ஏறியது. மூன்றாம் நாள் பச்சியப்பன் கடைக்கு வந்தார்.

"ஏம்மா, எம் வூட்டுக்குள்ளயே கொண்டாந்து வெச்சிட்டியா? கழட்டுன்னா, அவ பொறந்த வூட்டுக்குப் போயிருவேங்கறா."

"அது அவங்களா வாங்கிட்டுப் போனதுங்க. கேக்கறதா இருந்தா அவங்களக் கேளுங்க. உங்களுக்குச் சிகரெட்டு வேணுங்களா?"

அவர் சாலையில் ஆள் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, "ஒரு பாக்கெட்டு குடு" என்றார்.

"இங்கயே உடைங்க. படத்த வெச்சிட்டுப் போங்க."

உடைத்தார். குஸ்திக்காரன் வந்தான்.

"இது மூணு இருக்குதுங்க. இன்னொண்ணு உடைச்சுப் பாக்கறீங்களா?"

பச்சியப்பன் முறைத்தார், இரண்டாவது பாக்கெட்டையும் வாங்கினார். கட்டுப்பாட்டை யாரும் கூட்டம் போட்டு நீக்கவில்லை. அந்த வாரமே ஊரார் சாலைக் கடைக்கு வரத் தொடங்கினார்கள்.

யுத்தம் வந்தது, காகிதப் பஞ்சம் வந்தது, பாக்கெட்டுக்குள் படம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்போது அவளிடம் நாற்பத்தாறு இருந்தன. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் சேலத்து வக்கீல் ஒருவர் வந்து, முழுசாக இல்லாத செட்டுக்கு மதிப்பே கிடையாது, தன்னிடம் தள்ளிவிடு என்று கேட்டார்.

"மதிப்பில்லாததுக்கு எதுக்குங்க இம்மாந் தொலைவு வந்தீங்க?" என்றாள் ராமக்காள். அவருக்குச் சுண்ணாம்பு கொஞ்சம் கூடவே தடவி ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.