வேட்டியும் சேலையும் ஒரே தொட்டியில்

சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இப்போது சில கடைகளில் கரி இஸ்திரிப் பெட்டியை அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். உள்ளே கரி இல்லை, ஒரு சின்னச் செடி. பக்கத்தில் துணி துவைக்கும் பலகை, அதற்கு வார்னிஷ் வேறு. என் வயதுப் பெண்களே அதைத் தடவிப் பார்த்து, "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுகிறார்கள். வரவே வேண்டாம் தாயே. அந்தப் பலகையில் உண்மையாகவே துவைத்தவள் எவளும் அதற்கு வார்னிஷ் அடிக்க மாட்டாள், அடுப்பில் வைப்பாள்.

எனக்கும் பழைய சாமான் மேல் ஏக்கம் உண்டு. ஆனால் அம்மி மேலோ கரிப்பெட்டி மேலோ இல்லை. ஒரு துவைக்கும் மிஷின் மேல். நான்கு கால், காலுக்கு ஒரு சக்கரம், வெள்ளை வட்டத் தொட்டி. நடுவில் துணியை இப்படியும் அப்படியும் புரட்டும் துடுப்பு. மேலே இரண்டு ரப்பர் உருளைகள். அவற்றின் நடுவே ஈரத்துணியைக் கொடுத்தால் பிழிந்து மறுபக்கம் அப்பளமாகத் தள்ளும். சட்டைப் பொத்தான்களைக் கடித்துத் துப்பும். வேகம் பிடித்தால் தரையெல்லாம் நடந்து போகும், ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அத்தனை கோளாறும் இருந்த அந்த மிஷினை நான் இன்றைக்கும் நேசிக்கிறேன். காரணம் உண்டு.

அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், ஒரு கடையின் மாடியில் குடியிருந்தோம். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வயர்மேன். அம்மா, நான், இரண்டு தம்பிகள். இவர்களுக்கெல்லாம் மேலே பெரியப்பா. துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை, கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பாவைக் கப்பலேற்றி வரவழைத்து வேலை பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அதனால் வீட்டில் அவர் வைத்ததே சட்டம். அப்பா கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அண்ணன் சொன்னதற்கு ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

துணிக்கும் சட்டம் இருந்தது. முதலில் பெரியப்பாவின் பூஜை வேட்டி, அதற்குத் தனி வாளி, புதுத் தண்ணீர். பிறகு ஆண்கள் துணி. பிறகுதான் பெண்கள் துணி, அதுவும் வேறு வாளியில். காய்வதற்கும் வரிசை உண்டு. ஆண்கள் துணி தெருப்பக்க ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் கொடி மாதிரி பறக்கும். சேலைக்குக் கீழே ஆண் நடக்கக் கூடாதாம், ஆகவே எங்கள் துணி வெயில் எட்டாத பின்பக்கத்தில் புழுங்கும். அடுப்பங்கரைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் குந்தி, அத்தனையையும் அம்மா பலகையில் தேய்த்தாள். சோப்பும் சோடாவும் தின்று அவள் விரல்கள் வெடித்தன. சோறு பிசைந்தால் ரத்தம் கசியும். தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அது பள்ளி விடுமுறை. துணி முழுக்க என் தலையில் விழுந்தது. எனக்குப் பதின்மூன்று வயது, அந்த வருஷம்தான் வயதுக்கு வந்திருந்தேன். விடுமுறை முடியப் போகிற நேரத்தில் பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"பொண்ணு படிச்சது போதும். வீட்டு வேலைய பாக்கட்டும்."

அப்பா ரசத்தைக் குடித்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். அந்த நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள் என்று நினைத்தபோது தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

நழுவுகிற மீன் என்றேனே, அந்த அப்பா வாயால் செய்யாததைக் கையால் செய்தார். தளத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊர் திரும்பும்போது, கொண்டுபோக முடியாமல் விட்டுப்போன மிஷினைக் கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாய்ப் பக்கத்துச் சுவரில் பிளக் ஒன்றை வைத்து, ஒயரை இழுத்து முடித்துவிட்டு டீ கேட்டார்.

பெரியப்பா மிஷினைச் சுற்றி வந்தார். அம்மா அவரிடம் நேரே பேசமாட்டாள், அவரும் பேசமாட்டார். கணவரின் அண்ணன் என்ற மரியாதை. இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் பேச்சு என் வழியாகத்தான் போக வேண்டும்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. வெள்ளைக்காரி என்னென்ன துணி போட்டாளோ. தீட்டு கழிக்காம இத தொடக்கூடாது. அதுக்கப்புறமும் ஆம்பளைத் துணி மட்டும்தான் இதுல."

"பெரியப்பாகிட்ட கேளு. அப்ப பொம்பளைத் துணிய யாரு தொவைக்கிறது?"

"அதான் நீ இருக்கியே" என்றார் என்னைப் பார்த்து.

ஆண்கள் துணிக்கு மிஷின், பெண்கள் துணிக்கு நான். மிஷின் வந்தும் என் பள்ளிக்கூடம் வரவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். அம்மா வெடித்த விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை பெரியப்பா குளித்து முழுகி, மிஷினுக்குத் திருநீறு பூசி, பொட்டு வைத்தார். ஒரு செம்பு நிறைய மஞ்சளைக் கெட்டியாகக் கரைத்துத் தொட்டிக்குள் ஊற்றினார். வெளியே தெளித்தால் போதாதாம், தீட்டு உள்ளேதானாம். அந்த மஞ்சள் துடுப்புக்கு அடியில் போய்த் தங்கியது யார் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் காலை துவைப்பு. அப்பா வேலைக்குப் போயிருந்தார், பெரியப்பாவுக்கு அன்று லீவு. குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி, சட்டப்படி பெரியப்பாவின் வேட்டிகளை முதலில் போட்டேன். பார் சோப்பைச் சீவிப் போட்டு, மூடி, ஸ்விட்சைத் தட்டினேன். மிஷின் உறுமிக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். சற்றுக் கழித்துச் சின்னவன் மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

"அம்மா, தண்ணி செவப்பா இருக்கு லா!"

அம்மாவும் பெரியப்பாவும்கூட ஓடி வந்தார்கள். தொட்டி நிறைய ஆரத்தித் தண்ணீர். வெள்ளை வேட்டிகளில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்காதா? சோப்பு பட்டாலும் சிவக்கும். நம் வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பெரியப்பாவுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவர் புத்தி மஞ்சளுக்குப் போகவில்லை.

"இதுல யார் துணி விழுந்துச்சு?" என்றார். என்னைப் பார்த்தார், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார். "வீட்டுல பொம்பளைங்களுக்கு ஒரு சுத்தம் வேணாமா? இந்தச் சனியன இன்னைக்கே தூக்கிப் போடணும்."

என் முகம் எரிந்தது. தம்பிகள் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன். "இல்ல பெரியப்பா, இது நீங்க ஊத்துன மஞ்ச..."

"நீ ஏன் அவருக்குப் பதில் சொல்ற?" என்றாள் அம்மா.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். என்னை விலக்கிவிட்டு, முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"என் துணிதான்னே வச்சுக்குங்க மாமா. அதுக்கென்ன இப்ப? நீங்களும் உங்க தம்பியும் அந்த வழியாதானே வந்தீங்க?"

மஞ்சள்தான் காரணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா சுலபமாகத் தப்பித்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. ரத்தமே ஆனாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவள் தீர்மானித்துவிட்டாள். நான் அவளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெருமை இன்றும் எனக்குக் குறையவில்லை.

அம்மா தொட்டியின் வடிகுழாயை இறக்கிவிட்டுச் சிவப்புத் தண்ணீரைச் சாக்கடைக்குப் போகவிட்டாள். புதுத் தண்ணீர் பிடித்தாள். பிறகு அவர் கண்முன்னாலேயே, வெடித்த கையாலேயே, ஒவ்வொன்றாகப் போட்டாள். அவர் வேட்டி, தன் சேலை, அப்பாவின் கிரீஸ் சட்டை, தன் உள்பாவாடை, தம்பிகளின் கால்சட்டை. கடைசியாகக் கொடியிலிருந்து என் பள்ளிச் சீருடையை எடுத்துப் போட்டாள்.

"திங்கக்கெழம இவ ஸ்கூலுக்குப் போவா. இனிமே எல்லாம் ஒண்ணாதான் தொவையும்."

உருளைகளில் கொடுத்தபோது பெரியப்பாவின் வேட்டியும் அம்மாவின் சேலையும் ஒட்டிக்கொண்டு ஒரே பட்டையாக வெளியே வந்தன. தம்பிகள் கைதட்டினார்கள். பெரியப்பா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா அதோடு விடவில்லை. எல்லாவற்றையும் கலந்தே கழியில் கோத்து, தெருப்பக்க ஜன்னலில் நீட்டச் சொன்னாள். கீழே அஞ்சடியில், கடை வாசல் நடைபாதையில், போகிற ஆண்கள் தலைக்கு மேலே எங்கள் சேலைகள் காற்று வாங்கின. எதிர்மாடிச் சீனக்கார அக்கா வீட்டிலும் பெண்கள் கால்சட்டையை ஆண்கள் தலைக்கு மேல் போடக் கூடாது என்று சட்டம் இருந்தது. அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மாலையில் அப்பா வந்து தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே வந்து தன் சட்டையைக் கழியிலிருந்து உருவி மோந்து பார்த்தார். "நல்லா வெளுத்திருக்கு" என்றார். அவர் வாழ்க்கையிலேயே அண்ணனுக்கு எதிராகப் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

பின்னால் அடுக்குமாடி வீட்டுக்குப் போனபோதும் அந்த மிஷினைக் கூடவே தூக்கிக்கொண்டு போனோம். கல்லூரி முடிக்கும்வரை என் துணியெல்லாம் அதில்தான் துவைந்தது. கரி இஸ்திரிப் பெட்டியில் செடி வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும். இப்படி ஒரு தொட்டி கிடைத்தால் நான் நடுக்கூடத்தில் வைத்துப் பொட்டு வைப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை. சீருடை மாட்டி, படியருகே உட்கார்ந்து காலில் சப்பாத்தை மாட்டி வார் கட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒன்றாகத் துவைத்த துணி தனக்கு வேண்டாம் என்று பெரியப்பா தன் வேட்டியைத் தனி வாளியில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். அக்கம்பக்கம் தேடினார். அலமாரியைத் திறந்து மூடினார். கடைசியில் என்னைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டார்.

"சோப்பு எங்கம்மா இருக்கு?"

இத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருந்தவர். எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் நான் எழுந்து போய் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஸ்கூலுக்கு நேரமாச்சு பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.